நாக்கு எரிச்சலும் மாதவிடாய் நிற்பதும்: உங்களுக்கும் இப்படி நேர்ந்ததா?

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம், கடலூர்)
மே 11, இரவு 10.50

எனக்கு வயது 48. திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். ஒன்றரை ஆண்டாக மாதவிடாய் ஒழுங்கு தவறி, நாற்பது நாளுக்கு ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று தள்ளிப் போய்க்கொண்டிருக்கிறது. இதை நான் எதிர்பார்த்தே இருந்தேன். 'வயதானால் நின்றுவிடும், கொஞ்ச நாளைக்கு உடம்பில் சூடு ஏறும்' என்ற அளவுக்கு எல்லாருக்கும் தெரிந்தது எனக்கும் தெரிந்திருந்தது. மற்றவை பற்றித்தான் கேட்க வந்திருக்கிறேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை. வீட்டில் அனைவரும் போர்வைக்குள் சுருண்டு கிடந்தார்கள். எனக்கோ மார்பிலிருந்து கழுத்து வரை தணல் ஏறியது போல இருந்தது; இரவு உடை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. கொல்லைக் கதவைத் திறந்து, சாரல் முகத்தில் அடிக்கும்படி நின்றேன். மாமியார் எழுந்து வந்து பார்த்து, எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்துபோனார்.

சனவரியில் நாக்கு எரியத் தொடங்கியது. ஆவி பறக்கும் காப்பியை அவசரமாக விழுங்கி நாக்கு வெந்துபோனால் எப்படி இருக்குமோ அப்படி. காலையில் குறைவாகவும் மாலையில் கூடுதலாகவும் இருக்கும். புண் எதுவும் கிடையாது. கண்ணாடியில் பார்த்தால் நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது. சாம்பார், ரசம் எதையும் வாயில் வைக்க முடியவில்லை. பல் மருத்துவர் பல்லில் குறை இல்லை என்றார். காது மூக்கு தொண்டை மருத்துவர் பூசுவதற்குக் களிம்பு கொடுத்தார். இடையில் நெஞ்சு படபடத்து, இ.சி.ஜி., எக்கோ இரண்டும் எடுத்து, இதயம் சீராக இருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். கையில் எறும்பு ஊர்வது போன்ற அரிப்புக்குத் தோல் மருத்துவர், முழங்கால் வலிக்கு எலும்பு மருத்துவர். ஐந்து பேரிடம் ஐந்து கோப்புகள் இருக்கின்றன. 'கடைசியாக எப்போது மாதவிடாய் வந்தது?' என்று அந்த ஐவரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

இவை எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது வகுப்பில் நடந்தது. பெண்ணின் ஏழு பருவங்களைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை என்று எழுதிவிட்டுச் சுண்ணக்கட்டியுடன் நின்றேன். அடுத்த சொல் வரவே இல்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுக்கும் பட்டியல் அது. முன் பெஞ்சில் இருந்த பெண், 'தெரிவை, அம்மா' என்று மெல்லச் சொன்னாள். பாடவேளை முடிந்ததும் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அழுதேன். (அந்தப் பட்டியலும் பேரிளம்பெண்ணோடு, அதாவது 40 வயதோடு முடிந்துவிடுகிறது. என் வயதுக்கு அதில் பெயரே இல்லை.)

அம்மாவுக்கு 74 வயது. அவரிடம் கேட்டேன். 'எனக்கு ஒன்றும் தெரியவில்லையே, நின்றது, அவ்வளவுதான்' என்றார். எனக்கு மட்டும்தான் இப்படியா?

முத்தியால்பேட்டை மருமகள் (புதுச்சேரி)
மே 12, காலை 6.15

உங்களுக்கு மட்டும் இல்லை, அக்கா. எனக்கு வந்தது தோளில். 51 வயதில், எங்கேயும் இடித்துக்கொள்ளாமல், பளு எதுவும் தூக்காமல், இடது தோள் சிறிது சிறிதாக இறுகிப்போனது. முதலில் கொடியில் துணி காயப்போட முடியவில்லை. பிறகு ரவிக்கைக் கொக்கியை மாட்ட முடியவில்லை. தலையில் பூ வைக்கக் கை எட்டவில்லை. கல்லூரிக்குப் போகும் மகளை எழுப்பிப் பின்னிவிடச் சொல்லும் நிலை வந்தது. இரவில் அந்தப் பக்கம் புரண்டால் உயிர் போகும்.

உறைந்த தோள் என்று மருத்துவர் பெயர் சொன்னார். நாற்பது முதல் அறுபது வயதுக்குள் இருக்கும் பெண்களுக்கு இது அதிகம் வருமாம். சர்க்கரை நோயும் தைராய்டுக் குறையும் உள்ளவர்களுக்கு இன்னும் அதிகமாம். சப்பானியர் இதற்கு 'ஐம்பதாம் வயதுத் தோள்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள் என்று பிசியோதெரபி கொடுத்த பெண் சொன்னபோது வலியிலும் சிரிப்பு வந்தது. முதலில் வலி கூடிக்கொண்டே போகும், பிறகு வலி தணிந்து இறுக்கம் மட்டும் நிற்கும், அதன் பிறகு மெல்ல இளகும். எல்லாம் சேர்ந்து ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுகள்கூட ஆகலாம் என்றார். சுவரில் விரல்களால் படிப்படியாக ஏறுவது, கதவின் மேல் கயிற்றை மாட்டி நல்ல கையால் இழுத்து வலிக்கும் கையை உயர்த்துவது என்று இரண்டு பயிற்சிகளை நாள் தவறாமல் செய்தேன். சுவரில் நான் போட்ட பென்சில் கோடுகள், மாதத்துக்கு ஒன்றாக, இன்னும் அழியாமல் இருக்கின்றன. முதல் கோடு என் மார்பு உயரம்; பதினான்காவது கோடு தலைக்கு மேலே ஒரு சாண்.

இதற்கும் மாதவிடாய் நிற்பதற்கும் தொடர்பு உண்டா என்று மருத்துவரிடம் கேட்டபோது அவர் பதில் சொல்லாமல் மருந்துச் சீட்டைத்தான் எழுதிக்கொண்டிருந்தார்.

பழைய செவிலி (லாஸ்பேட்டை, புதுச்சேரி)
மே 12, பிற்பகல் 3.40

அரசு மருத்துவமனையின் மகளிர் பிரிவில் 34 ஆண்டுகள் வேலை செய்து ஓய்வுபெற்றவள் நான். மருத்துவர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் கெடிலக்கரைத் தங்கை எழுதியதைப் படித்தபோது, வார்டில் கேட்ட நூறு குரல்கள் ஒன்றாகக் கேட்டன.

ஈஸ்ட்ரோஜன் என்பதைக் கருப்பைக்கு மட்டும் உரிய சுரப்பு (ஹார்மோன்) என்றே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மூளை, எலும்பு, மூட்டு, தோல், இரத்தக்குழாய், சிறுநீர்ப்பை, வாயின் உட்பகுதி என்று அதை ஏற்கும் இடங்கள் உடம்பெங்கும் இருக்கின்றன. ஆகவே அது குறையும்போது எங்கு வேண்டுமானாலும் குரல் எழும்பலாம். இன்னொன்று, அது நேர்கோட்டில் குறைவதில்லை. மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய சில ஆண்டுகளில் ஒரு வாரம் மிக உயர்ந்தும் மறுவாரம் சரிந்தும் ஊசலாடும். இந்த ஊசலாட்டக் காலத்தில்தான் பலருக்குத் தொல்லை மிகுதி. அதனால்தான் 45 வயதைக் கடந்தவருக்கு இது மெனோபாஸ் (மாதவிடாய் நிற்கும் மாற்றம்) தானா என்று தீர்மானிக்க, சினைப்பையைத் தூண்டும் சுரப்பை அளக்கும் எஃப்.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. இன்று ஓர் எண் வரும், அடுத்த மாதம் வேறோர் எண் வரும். தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராதிருந்தால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. நம் நாட்டுப் பெண்களுக்கு அது சராசரியாக 46, 47 வயதில் நிகழ்கிறது. மேலை நாட்டவரைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே.

உடம்புச் சூட்டைப் பற்றி ஒரு விளக்கம். மூளையில் வெப்பத்தைக் கண்காணிக்கும் பகுதி, சாதாரண நாட்களில் உடல் வெப்பம் சற்றே ஏறினாலும் இறங்கினாலும் பொருட்படுத்தாது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அந்தப் பொறுமை போய்விடுகிறது. மிகச் சிறிய ஏற்றத்தையும் ஆபத்து என்று எண்ணித் தோலின் இரத்தக்குழாய்களை விரித்து, வியர்வையைக் கொட்டச் செய்துவிடுகிறது. பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும்; சிலருக்கு உடனே குளிரெடுத்து நடுங்கும். 'ஒரு வருடம் பொறுத்துக்கொள்' என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. அமெரிக்காவில் பல இனப் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த 'ஸ்வான்' ஆய்வு, அடிக்கடி சூடு வருபவர்களுக்கு அது நீடிக்கும் காலத்தின் நடுமதிப்பு 7.4 ஆண்டுகள் என்று 2015-இல் சொன்னது. கத்திரி வெயிலில் கடலோரப் புழுக்கத்தோடு அதைச் சேர்த்து அனுபவிக்கும் நமக்கு, எது வெயில், எது உடம்பு என்று பிரித்தறிவதே பெரும்பாடு.

வாய் எரிச்சலும் இந்த வயதுப் பெண்களுக்கே அதிகம். ஆனால், தங்கையே, அதை மெனோபாஸ் கணக்கில் எழுதிவிடுவதற்கு முன் பி12, இரும்புச் சத்து, சர்க்கரை, தைராய்டு ஆகிய நான்கையும் பார்த்துவிடுங்கள். இந்த நான்கில் எதில் கோளாறு இருந்தாலும் நாக்கு எரியலாம். படபடப்பும் மறதியும்கூடத் தைராய்டால் வரலாம். மறதியைப் பற்றி ஓர் ஆறுதல்: சொல் நாக்கின் நுனியில் நின்று வராமல் போவது இந்த மாற்றக் காலத்தில் பலருக்கும் வருவது. இது மூளைத் தேய்வின் தொடக்கம் என்று அஞ்சிப் பல பெண்கள் எங்களிடம் அழுதிருக்கிறார்கள். பெரும்பாலோருக்கு மாற்றம் முடிந்தபின் தெளிந்துவிடுகிறது.

வெள்ளை நகரம் (புதுச்சேரி)
மே 12, மாலை 6.05

ஒரு சிறு குறிப்பு. 'மெனோபாஸ்' என்ற சொல்லே பிரெஞ்சிலிருந்து வந்தது. கார்டான் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1821-இல் தம் நூலின் தலைப்பில் அதைப் பயன்படுத்தினார். கிரேக்கத்தில் 'மாதம்', 'நிற்றல்' என்று பொருள்படும் இரண்டு சொற்களின் சேர்க்கை அது. பெயரே உதிரம் நிற்பதை மட்டும் சொல்வதால், தோளும் நாக்கும் அந்தக் கணக்கில் சேராமல் போய்விட்டனவோ என்று தோன்றுகிறது. நம் வழக்கும் அப்படித்தானே: 'நின்றுவிட்டது' என்கிறோம்.

வில்லியனூர்க்காரன்
மே 12, இரவு 11.20

இங்கே ஆண்கள் எழுதலாமா என்று தெரியவில்லை. சகோதரிகள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் மனைவிக்கு 49 வயது. எங்களுக்குத் திருமணமாகி 25 ஆண்டுகள் ஆகின்றன. அவர் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள், தோசை சற்றுத் தடிமனாக இருப்பதாக நான் சொன்னேன். தோசைத் திருப்பி சுவரில் மோதி விழுந்தது. அதன் பிறகு அவர் தரையில் உட்கார்ந்து, தான் ஏன் அப்படிச் செய்தோம் என்று தெரியவில்லை என்று அழுதார். அந்தக் கரண்டியின் கைப்பிடி இன்னும் வளைந்தே இருக்கிறது. அதை நேராக்க வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

நான் அதை என் மீதுள்ள கோபம் என்றே பல மாதங்கள் நினைத்தேன். எங்கள் வீட்டில் மின்விசிறியின் வேகத்தைப் பற்றி நடந்த சண்டைகளை எழுதினால் இந்த இழை போதாது. அவர் ஐந்தில் வைப்பார். நான் மப்ளர் கட்டிக்கொண்டு படுப்பேன். பிறகுதான், இரவு மூன்று மணிக்கு எழுந்து பார்த்தால் பக்கத்தில் ஆள் இல்லாததைக் கவனித்தேன். திண்ணையில் உட்கார்ந்திருப்பார். தூக்கம் வந்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டதற்கு, 'கணக்கு வைத்துக்கொள்வதை விட்டுவிட்டேன்' என்றார். நான்கு மாதமாகத் தொடர்ந்து தூங்காத ஒருவர் தோசைத் திருப்பியை எறிந்ததில் வியப்பில்லை என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. என் மண்டைக்கு அது ஏற நான்கு மாதம் ஆகியிருக்கிறது.

இப்போது அவர் எதிலும் ஆசை இல்லாமல் இருக்கிறார். வீராம்பட்டினம் தேருக்கு ஆண்டு தவறாமல் போகிறவர், இந்த முறை வேண்டாம் என்று இப்போதே சொல்கிறார். இதுவும் அதன் பகுதிதானா? மருத்துவரிடம் அழைத்தால் 'எனக்கு என்ன பைத்தியமா?' என்கிறார்.

பழைய செவிலி
மே 13, காலை 7.30

தம்பி, கேட்டதற்கு நன்றி. கோபமும் எரிச்சலும் காரணமில்லாத பயமும் தூக்கமின்மையால் மட்டும் வருவதில்லை. சுரப்பின் ஊசலாட்டமே மனநிலையை நேரடியாகவும் தொடுகிறது. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் மிகவும் வாடியவர்களுக்கும், பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு வந்தவர்களுக்கும் இந்தக் காலத்தில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு கூடுதல். உங்கள் மனைவிக்கு அப்படி முன்பு இருந்ததா என்று நினைத்துப் பாருங்கள்.

ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேல் எதிலும் நாட்டமில்லாமல் இருந்தால், அதை 'வயசுக் கோளாறு' என்று விட்டுவிடக் கூடாது. காரணம் எதுவானாலும் மனச்சோர்வு மனச்சோர்வுதான். அதற்குச் சிகிச்சை உண்டு. மனநல மருத்துவர் என்றதும் தயங்குவாரானால், முதலில் தூக்கத்துக்காக என்று சொல்லி மகப்பேறு மருத்துவரிடமே அழைத்துச் செல்லுங்கள். அதற்கும் முன்னால் வீட்டிலிருந்தபடியே பேச 14416 என்ற அரசு மனநல உதவி எண் இருக்கிறது; தமிழிலேயே பேசலாம். உயிரை வெறுத்து ஒரு வார்த்தை சொன்னாலும் காத்திருக்க வேண்டாம்.

கெடிலக்கரை
மே 13, இரவு 9.10

சிஸ்டர், பரிசோதனைகளுக்கு நாளைக் காலை இரத்தம் கொடுக்கிறேன். வில்லியனூர் அண்ணன் எழுதியதை என் கணவரிடம் படித்துக் காட்டினேன். அவர் எதுவும் சொல்லாமல் எழுந்து போய் மின்விசிறியை ஐந்தில் வைத்தார்.

தேவனாம்பட்டினத்துப் பெண் (கடலூர்)
மே 14, பிற்பகல் 1.25

நான் அம்மாவுக்காக எழுதுகிறேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்துச் சொன்னதைக் கேட்டுவிட்டு, 'என்னதையும் எழுது' என்றார்.

அம்மாவுக்கு 55 வயது. விடியற்காலையில் துறைமுகத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையில் சுமந்து, தெருத்தெருவாக விற்றுவிட்டு மதியம் இரண்டு மணிக்குத்தான் வீடு திரும்புவார். நின்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு ஆண்டுகளாக நீர்க்கடுப்பு விடுவதில்லை. ஐந்து நாள் மாத்திரை போட்டால் சரியாகும். அடுத்த மாதம் திரும்ப வரும். சென்ற ஆண்டில் மட்டும் ஆறு முறை. கீழே வறண்டு, நடக்கும்போது தொடை உரசினாலும் எரிகிறது என்கிறார். இருமினால் சிறுநீர் கசிகிறது. வழியில் ஒதுங்க இடம் கிடையாது என்பதால் விடியற்காலையில் ஒரு டம்ளர் தேநீரோடு சரி, வீடு வரும்வரை தண்ணீரே குடிப்பதில்லை. மீன் வாடையோடு இந்த வாடையும் சேர்ந்து ஊரார் மூக்கைப் பிடிப்பார்களோ என்ற கூச்சத்தால், கூடையை இறக்கி வைத்துவிட்டு இரண்டு அடி தள்ளியே உட்காருகிறார். இதை அவர் என்னிடம் சொன்னதே நேற்றுத்தான்.

தண்ணீர் குடிக்காததுதான் காரணம் என்று மருந்தகத்தில் திட்டுகிறார்கள். அது மட்டும்தானா?

பழைய செவிலி
மே 14, மாலை 5.50

மகளே, அம்மா உன்னிடம் சொன்னதே பெரிய விஷயம். தண்ணீர் ஒரு காரணம்தான். ஆனால் அது மட்டுமல்ல.

பிறப்புறுப்பின் உட்சுவரும் சிறுநீர் வெளியேறும் பாதையும் ஈஸ்ட்ரோஜனை நம்பி வாழ்பவை. அது இருக்கும்வரை அந்தச் சுவர் தடிப்பாகவும் ஈரமாகவும் இருக்கும். அங்கே வாழும் நல்ல நுண்ணுயிர்கள் ஒருவித அமிலத்தைச் சுரந்து மற்றவற்றை அண்டவிடாமல் காக்கும். சுரப்பு நின்றதும் சுவர் மெலிந்து, அமிலம் குறைந்து, குடலிலிருந்து வரும் கிருமிகள் எளிதாக மேலேறுகின்றன. உடம்புச் சூடு காலப்போக்கில் தணிந்துவிடும். இது சிகிச்சை இல்லாமல் தானாகத் தணிவதில்லை, ஆண்டுக்கு ஆண்டு கூடவே செய்யும். மருத்துவ உலகமே 2014-இல்தான் வறட்சியையும் நீர்க்கடுப்பையும் ஒரே நோய்க்கூட்டாகச் சேர்த்துப் புதிய பெயர் வைத்தது என்றால், மருந்தகத்தில் நிற்கும் பையனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

இதற்கு உள்ளே பூசும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு இருக்கிறது. மிகக் குறைந்த அளவு. இரத்தத்தில் கலப்பது மிகச் சொற்பம். பெரும்பாலும் முதல் இரண்டு வாரம் இரவுதோறும், பிறகு வாரத்துக்கு இருமுறை என்று எழுதிக்கொடுப்பார்கள். திரும்பத் திரும்ப வரும் நீர்க்கடுப்பை அது குறைக்கிறது. மாத்திரைக்கு முன் சிறுநீரைக் கிருமிச் சோதனைக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். சர்க்கரையும் பார்க்க வேண்டும். அம்மாவுக்கு முன்பு மார்பகப் புற்றுநோய் இருந்திருந்தால் மட்டும் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கசிவுக்கு இடுப்புத்தளத் தசைப் பயிற்சி இருக்கிறது. சிறுநீரைப் பாதியில் அடக்குவது போல இறுக்கி, மெல்லத் தளர்த்த வேண்டும். கூடையைச் சுமந்தபடியேகூடச் செய்யலாம், யாருக்கும் தெரியாது.

ஒதுங்க இடமில்லாததற்கு என்னிடம் மருந்து இல்லை. அது மாநகராட்சியிடம் கேட்க வேண்டியது.

நெய்வேலி நிழல்
மே 15, காலை 10.00

எல்லாரும் மருந்தையே பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் வயதுக்கு வந்த பெண்ணுக்குக் கொடுத்த உளுந்தங்களியை, நிற்கும் வயதிலும் கொடுத்தார்கள். எள்ளுருண்டை, கேழ்வரகுக் கூழ், முள்ளோடு தின்னும் நெத்திலி. இவற்றை விட்டதால்தான் இத்தனையும் என்பது என் கருத்து.

பழைய செவிலி
மே 15, காலை 11.15

உணவைப் பற்றி உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாத சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. நின்றபின் ஒரு நாளைக்கு 1,200 வரை தேவைப்படுகிறது. எலும்புக்கும் தசைக்கும் நீங்கள் சொன்ன எல்லாமே நல்லவை. ஆனால் உளுந்தங்களி நள்ளிரவு வியர்வையை நிறுத்தி நான் பார்த்ததில்லை. பெயரில்லாத பொட்டலங்களில் 'பெண்கள் சூரணம்' என்று விற்பவற்றிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். அவற்றுக்குள் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

நெல்லிக்குப்பம்
மே 16, இரவு 8.45

எனக்கு இது 38 வயதிலேயே வந்தது. வந்தது என்பதைவிட வரவழைக்கப்பட்டது என்று சொல்ல வேண்டும். பெரும்பாடு (அளவுக்கு மீறிய உதிரப்போக்கு) தாங்காமல் போனபோது, 'இரண்டு பிள்ளைகள் ஆகிவிட்டன, கர்ப்பப்பை இனி எதற்கு?' என்று கேட்டு ஒரு தனியார் மருத்துவமனையில் எடுத்துவிட்டார்கள். அதோடு சினைப்பைகள் இரண்டையும் எடுத்தார்கள் என்பது, வீட்டுக்கு வந்து அறிக்கையை ஒருவரிடம் படிக்கச் சொன்னபோதுதான் தெரிந்தது. தையல் பிரிப்பதற்குள்ளேயே உடம்பு எரியத் தொடங்கிவிட்டது. மற்றவர்களுக்குப் படிப்படியாக இறங்கும் மாடி. எனக்கு மொட்டைமாடியிலிருந்து தள்ளிவிட்டது போல.

46 வயதில் குளியலறையில் வழுக்கிக் கையை ஊன்றினேன், மணிக்கட்டு முறிந்துவிட்டது. எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்சா எடுத்தபோது, எழுபது வயதுக்காரியின் எலும்பு என்றார்கள். சினைப்பைகளை இவ்வளவு இளமையில் எடுத்தால், தடை எதுவும் இல்லாதவர்களுக்கு இயல்பாக நிற்கும் வயது வரையாவது ஹார்மோன் கொடுப்பதுதான் முறை என்று அப்போது பார்த்த மருத்துவர் சொன்னார். எட்டு ஆண்டுகள் எனக்கு அதை ஒருவரும் சொல்லவில்லை.

இதைப் படிக்கும் இளைய பெண்கள், அறுவைக்கு முன் 'சினைப்பையை வைப்பீர்களா, எடுப்பீர்களா, ஏன்?' என்று வாய்விட்டுக் கேளுங்கள். நான் கூச்சத்தில் கேட்கவில்லை.

பண்ருட்டிப் பலா
மே 17, மாலை 4.30

நான் எதிர்த்திசையிலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். இந்த இழையைப் படித்தால் எல்லாமே மெனோபாஸ்தான் என்று தோன்றிவிடும். எனக்கு அப்படித் தோன்றியதால்தான் நான்கு மாதம் வீணானது.

நின்று இரண்டு ஆண்டுகள் கழித்து, 54 வயதில், உள்ளாடையில் இளஞ்சிவப்பாக ஒரு கறை. அடுத்த வாரம் இன்னொன்று. வலி கிடையாது. 'உனக்கு இளமை திரும்புகிறது' என்று நாத்தனார் கேலி செய்தார், நானும் சிரித்துவிட்டேன். பலாப்பழச் சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். போனபோது ஸ்கேனில் கருப்பை உட்படலம் 11 மில்லிமீட்டர் இருந்தது. நின்றவர்களுக்கு இரத்தம் பட்டால் 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தாலே சதைத்துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டுமாம். பார்த்தார்கள். புற்றுநோய். நல்லவேளையாகத் தொடக்க நிலை, அறுவையோடு முடிந்தது. இப்போது மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

அப்படி இரத்தம் படுபவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்குத்தான் அது புற்றுநோயாக இருக்கும் என்று மருத்துவர் சொன்னார். மீதி ஒன்பது பேர் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். ஆனால் போய்ப் பார்த்த பிறகு போகட்டும். ஒரே ஒரு சொட்டு என்றாலும்.

முத்தியால்பேட்டை மருமகள்
மே 18, காலை 6.40

ஹார்மோன் மாத்திரை எடுத்தால் மார்பகப் புற்றுநோய் வரும் என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்களே, உண்மையா சிஸ்டர்? நெல்லிக்குப்பம் அக்காவுக்கு அதையே கொடுத்திருக்க வேண்டும் என்கிறார்கள். எதை நம்புவது?

பழைய செவிலி
மே 18, இரவு 9.30

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2002 சூலையில் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் (புரோஜெஸ்டிரோன் என்ற சுரப்பைப் போன்ற செயற்கை மருந்து) சேர்த்து எடுத்தவர்களில், ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கு எட்டுப் பேர் என்ற அளவில் மார்பகப் புற்றுநோய் கூடுதலாக வந்தது. உலகமே மாத்திரையைக் கீழே போட்டது. எங்கள் வார்டில்கூட எழுதுவதை நிறுத்தினார்கள். அந்த ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63 என்பதை அன்று யாரும் சத்தமாகச் சொல்லவில்லை. நம் இழையில் பேசுகிறவர்கள் 48, 49, 51. கருப்பை எடுத்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த பிரிவில் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை என்பதும் பிறகு தெரிந்தது.

இப்போதைய நிலை இது: 60 வயதுக்குள் அல்லது நின்று பத்து ஆண்டுகளுக்குள் தொடங்கினால், தொல்லை மிகுந்த பெண்களில் தடை எதுவும் இல்லாதவர்களுக்கு ஆபத்தைவிட நன்மை அதிகம் என்றே மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. கருப்பை உள்ளவர்களுக்கு அதன் உட்படலம் தடித்துவிடாமலிருக்கப் புரோஜெஸ்டிரோனும் சேர்த்தே தர வேண்டும். மாத்திரையைவிடத் தோலில் தடவும் ஜெல்லில் இரத்தம் உறையும் அபாயம் குறைவு. மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், மாரடைப்பு, காலில் இரத்தக்கட்டி, ஈரல் நோய் வந்தவர்களுக்கு இது பொதுவாக வேண்டாம். காரணம் தெரியாத இரத்தப்போக்கு இருந்தால் அதை முதலில் ஆராய வேண்டும். ஹார்மோன் எடுக்க முடியாதவர்களுக்கு உடம்புச் சூட்டைக் குறைக்க வேறு மருந்துகள் உள்ளன. வேண்டாம் என்று முடிவெடுப்பவர்களும் தவறு செய்யவில்லை. கேட்காமலே விடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வில்லியனூர்க்காரன்
மே 29, இரவு 10.15

தூக்கத்துக்காக என்று சொல்லித்தான் அழைத்துப் போனேன். உள்ளே போனதும் அவரே நாற்பது நிமிடம் பேசினார். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். மருந்து தொடங்கியிருக்கிறது. நேற்றிரவு நான்கு மணி நேரம் தொடர்ந்து தூங்கினார். தேரைப் பற்றி இன்னும் நான் கேட்கவில்லை.

கெடிலக்கரை
சூன் 22, இரவு 9.45

தாமதத்துக்கு மன்னிக்கவும், பள்ளி திறந்த நேரம். தைராய்டும் சர்க்கரையும் சரியாக இருந்தன. பி12 மிகவும் குறைந்திருந்தது, ஊசி போட்டுக்கொண்டிருக்கிறேன். நாக்கு எரிச்சல் பாதியாகக் குறைந்திருக்கிறது. மீதிப் பாதி எதனால் என்று இனித்தான் தெரியும் என்கிறார் மருத்துவர். ஐந்து கோப்புகளையும் ஒரே பையில் போட்டு அவர் மேசையில் வைத்தேன். அவர் முதலில் கேட்டது, கடைசியாக எப்போது வந்தது என்றுதான். இரவுச் சூட்டுக்கு ஜெல் எழுதியிருக்கிறார். மார்பகப் பரிசோதனை முடிந்தபின் தொடங்குவேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்திருந்தார். இந்த இழை முழுவதையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். தோசைத் திருப்பிக்குச் சிரித்தார். தேவனாம்பட்டினத்து அம்மாவுக்குக் கண் கலங்கினார். கடைசியில், நான் முதலில் எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொன்னார், நாக்கு எரிவதைப் பற்றிய அந்த இடத்தை மட்டும். படித்தேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தமக்கும் ஐம்பது வயதில் இரண்டு ஆண்டுகள் அப்படி எரிந்தது என்றார்.

நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு ஆண்டுகளும் அம்மா மோர்ச்சோறு மட்டும் தின்றார். திருவந்திபுரம் பெருமாளுக்கு ஏதோ வேண்டுதல், அதனால் உப்பு, காரம் சேர்ப்பதில்லை என்று எங்களிடம் சொல்லியிருந்தார். என்ன வேண்டுதல் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.